காயில் கவருக்குள் 42 கிராம் பாலாற்று மணல்

காணும் பொங்கலுக்கு மறுநாள் காலை ஆறரைக்கெல்லாம் எதிர்வீட்டு அக்கா கேட்டைத் தட்டினார். முந்தின நாள் குடும்பத்தோடு சோறு கட்டிக்கொண்டு பாலாற்றுக்குப் போயிருக்கிறார்கள். சாப்பிட்டு முடித்ததும் தண்ணீர் ஓரமாக உட்கார்ந்து பாத்திரம் கழுவியிருக்கிறார். வீட்டுக்கு வந்து விளக்கேற்றும்போதுதான் விரலில் மோதிரம் இல்லை என்று தெரிந்திருக்கிறது. அரைப் பவுன், அவருடைய அம்மா போட்டது. "தம்பி, உன்கிட்ட அந்த மெஷின் இருக்குதே, கொஞ்சம் வந்து பாருப்பா" என்றார். ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

மெஷின் என்றால் மெட்டல் டிடெக்டர். நான் வைத்திருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கியது, 6.5 கிலோஹெர்ட்ஸ் என்கிற ஒரே அதிர்வெண்ணில் ஓடுவது. கீழே இருக்கிற காயில், அதாவது உள்ளே கம்பிச் சுருள் வைத்த, தரைக்கு மேல் இடம் வலமாக வீசுகிற தட்டு, முட்டை வடிவம், 9 இன்ச் நீளம், 6.5 இன்ச் அகலம். காயில் தண்ணீரில் முங்கலாம், மேலே இருக்கிற பெட்டி நனையவே கூடாது. அதனால் முழங்கால் தண்ணீர் வரைக்கும்தான் நம்முடைய எல்லை. காயிலுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் கவர் மாட்டியிருந்தேன், செருப்புக்கு அடியட்டை மாதிரி. ஆன்லைனில் வாங்கியது, விளிம்பைக் காயில் மேல் அழுத்தினால் டக் என்று கவ்விக்கொள்ளும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாட்டியது, அதற்கப்புறம் கழற்றியதே இல்லை. இந்தப் பதிவு முழுக்க அந்தக் கவரைப் பற்றித்தான்.

கவர் எதற்கு என்று கேட்பவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. பாலாற்று மணல் கடற்கரை மணல் மாதிரி நைசாக இருக்காது. பருமணல், நடுவில் நடுவில் கூழாங்கல், உடைந்த பாட்டில் சில். மணலில் பாதிக்கு மேல் குவார்ட்ஸ், அது காயிலின் மேல்தோலான ஏபிஎஸ் பிளாஸ்டிக்கைவிடப் பல மடங்கு கடினம். காயிலைத் தரையோடு ஒட்டி வீசினால்தான் ஆழம் கிடைக்கும், ஒட்டி வீசினால் தேயும். தேய்ந்து தேய்ந்து உள்ளே இருக்கிற கம்பிச் சுருள்வரை தண்ணீர் போய்விட்டால் காயிலே போச்சு, அதன் விலை மெஷின் விலையில் பெரும் பங்கு. அதனால் கவர் வேண்டும், அதில் எனக்கு இரண்டாம் பேச்சே இல்லை.

சரி, ஆற்றுக்கு வருகிறேன். காட்பாடி பாலத்துக்குக் கொஞ்சம் தள்ளி, விருதம்பட்டுப் பக்கம். நந்தி மலைப் பக்கம் பிறந்து மூன்று மாநிலம் தாண்டி வரும் ஆறு இது, நான் சின்னப் பையனாக இருந்தபோது வேலூரில் இதைப் பெரும்பாலும் கிரிக்கெட் மைதானமாகத்தான் பார்த்திருக்கிறேன். 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டுக்கொண்டு ஓடியதை ஊரே பாலத்தில் நின்று பார்த்தது. இந்தத் தையில் அப்படியெல்லாம் இல்லை, நடுவில் ஒரு வாய்க்கால் அளவுக்குத் தெளிந்த தண்ணீர், கணுக்காலில் இருந்து முழங்கால் வரை. அக்கா உட்கார்ந்த இடத்தைக் காட்டினார். சாம்பல் கூட அப்படியே கிடந்தது. தேட வேண்டிய இடம் ஒரு பத்தடிக்குப் பத்தடி, பாதி ஈர மணல், பாதி தண்ணீருக்குள்.

மெஷினை ஆன் செய்து வீச ஆரம்பித்ததும் கத்த ஆரம்பித்தது. ஒரு இடத்தில் இல்லை, எல்லா இடத்திலும். வலது பக்கம் வீசி முடிக்கும்போது ஒரு கத்து, இடது பக்கம் முடிக்கும்போது ஒரு கத்து. காயிலைத் தண்ணீரில் முக்கி எடுத்தால் நாலைந்து கத்து. சென்சிடிவிட்டியை, அதாவது சின்னச் சமிக்ஞையையும் பிடிக்கிற திறனை, இரண்டு படி குறைத்தேன், கத்தல் குறைந்தது, ஆனால் என் கையில் இருந்த மோதிரத்தை மணலுக்கு மேல் போட்டு வீசினால் அதையும் சரியாகச் சொல்லவில்லை. "இன்னா தம்பி, எல்லா எடத்துலயும் கத்துது?" என்று அக்கா கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. இரண்டு மணி நேரம் தோண்டித் தோண்டிப் பார்த்ததில் கிடைத்தது குவார்ட்டர் பாட்டில் மூடி பதினொன்று, ஒரு ரூபாய்க் காசு நாலு, ஒரு ஹேர்பின். மோதிரம் இல்லை.

தங்கம் தேடும்போது ஒரு சங்கடம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். சின்னத் தங்க மோதிரம் இந்த மெஷினின் திரையில் சிகரெட் பெட்டித் தாளும் டின் கேனின் இழுப்பு வளையமும் காட்டுகிற அதே இடத்தில்தான் காட்டும். குப்பையை ஒதுக்குகிறேன் என்று அந்த இடத்தை அணைத்துவிட்டால் மோதிரமும் சேர்ந்து போய்விடும். ஆகவே எல்லாச் சத்தத்தையும் கேட்டே ஆக வேண்டும். அப்படியிருக்கும்போது மெஷின் சும்மா சும்மா கத்தினால் தேடுவதில் அர்த்தமே இல்லை.

வெயில் ஏறியதும் திரும்பி வந்து, மொட்டை மாடியில் பழைய பேப்பரைப் பரப்பி அதன் மேல் காயிலைக் கவிழ்த்து வைத்தேன். கவரின் ஒரு ஓரத்தில் நகத்தை விட்டு நெம்பியதும் கருப்பாக ஒரு சொட்டு வழிந்தது. முழுசாகக் கழற்றியபோது உள்ளே அடிப்பாகம் பூராவும் கருஞ்சேறு, தோசைக்கல்லில் மாவு பரப்பின மாதிரி ஒரே சீராக, விளிம்பை ஒட்டி மட்டும் தடிப்பாக. மோந்து பார்த்தால் கிணற்றடிப் பாசி வாசனை. அதை ஸ்பூனால் வழித்து ஒரு தட்டில் காய வைத்து, வீட்டில் கேக் செய்ய வாங்கிய தராசில் நிறுத்தேன். 42 கிராம்.

காய்ந்த மணலில், ஒரு பழைய ஸ்பீக்கரில் இருந்து எடுத்த காந்தத்தைக் கேரி பேக்கில் சுற்றி இழுத்தேன். கருப்புத் தூள் மீசை மாதிரி அப்படியே சிலிர்த்துக்கொண்டு ஒட்டியது. ஆற்றில் வரி வரியாகத் தெரியுமே கருமணல், அதேதான், காந்தம் இழுக்கிற மேக்னடைட் என்கிற இரும்புத் தாது கலந்தது. திரும்பத் திரும்ப இழுத்துத் தனியாகப் பிரித்ததில் 11 கிராம் தேறியது. சாதாரண மணலைவிட இது கனம், தண்ணீர் மணலை அலசும்போது லேசானது போய்விடும், இது கவருக்குள் அடியில் தங்கிவிடும். இரண்டு வருஷமாக நான் ஆற்றில் போய் வந்த ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சலித்துச் சேர்த்து வைத்திருக்கிறது.

அந்த 11 கிராமைச் சின்ன ஜிப் கவரில் போட்டு, மெஷினை மர நாற்காலியில் படுக்க வைத்து, வெறும் காயிலுக்கு முன்னால் ஆட்டினேன். முனகியது. ஆட்டாமல் காயிலோடு ஒட்டி வைத்திருந்தால் ஒரு நொடியில் அமைதியாகிவிட்டது. மறுபடி லேசாக நகர்த்தினால் மறுபடி முனகல். எனக்கு அந்த நாற்காலி முன்னால்தான் விஷயம் முழுசாகப் புரிந்தது. இந்த வகை மெஷின் மாறுகிறதை மட்டும்தான் கவனிக்கும், காயிலோடு சேர்ந்து அசையாமல் கிடக்கிற பொருளை அது விட்டுவிடும். கவருக்குள் மணல் காய்ந்து இறுகிக் கிடந்தவரை எனக்குத் தொல்லை தெரியவில்லை. தண்ணீர் புகுந்து சேறானதும், ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் அது ஒரு பக்கமாகச் சரிகிறது, அந்தச் சரிவைத்தான் மெஷின் சத்தமாகச் சொல்லியிருக்கிறது. அதுவும் காயிலை ஒட்டி ஒன்றரை மில்லிமீட்டரில் இருக்கிறது, மோதிரமோ ஐந்து இன்ச் ஆழத்தில். தூரம் கூடக் கூட பதில் சமிக்ஞை பல மடங்கு விழுந்துவிடும், அதனால் பக்கத்தில் இருக்கிற ஒரு சிட்டிகை கருமணல் தூரத்தில் இருக்கிற அரைப் பவுனை மூடிவிட முடியும். சில மெஷின்களில் மண்ணுக்குத் தகுந்தபடி திருகி அமைக்க ஒரு குமிழ் இருக்கும். என்னுடையதில் அது இல்லை, கம்பெனியில் வைத்த அளவுதான்.

கூடவே தண்ணீரையும் சோதித்தேன். கேரி பேக்கில் போர் தண்ணீர் ஊற்றி ஆட்டினால் ஒன்றும் இல்லை. அதிலேயே ஒரு கை கல்லுப்பைக் கரைத்து ஆட்டினால் மெலிதாக ஒரு முனகல். உப்புத் தண்ணீர் மின்சாரம் கடத்தும், கடல் ஓரத்தில் இந்த மாதிரி ஒற்றை அதிர்வெண் மெஷின்கள் திணறுவதற்குக் காரணமும் இதுதான். நம் ஆற்றில் உப்பு ஏது என்று நினைக்க வேண்டாம். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை வரிசையில் தோல் பதப்படுத்த எவ்வளவு உப்பு போகிறது என்பது இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும், பாலாறு கெட்டதைப் பற்றி 1996-ல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. தேங்கிய குட்டையில் தேடிவிட்டு வந்தால் கவரை நல்ல தண்ணீரில் அலசாமல் வைக்கவே கூடாது.

அடுத்த நாள் காலை கவர் இல்லாமல் வெறும் காயிலோடு போனோம். மெஷின் அவ்வளவு அமைதி. ஹெட்போன் இணைப்பு கழன்றுவிட்டதோ என்று ஒரு தடவை பார்த்தேன். முக்கால் மணி நேரத்தில், தண்ணீர் ஓரத்தில் இருந்து ஒரு முழம் உள்ளே, கெட்டியாகத் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் ஒரு சத்தம். பிளாஸ்டிக் ஜல்லடையில் மூன்று கரண்டி மணலை அள்ளித் தண்ணீரிலேயே ஆட்டினேன், மணல் இறங்க இறங்க மஞ்சளாக ஒரு வளையம். அக்கா அதை வாங்கிப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டார், விரலில் போட்டுக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் இருவரும் பேசவே இல்லை.

ஆனால் அந்த முக்கால் மணி நேரத்தில் காயிலின் முன் ஓரம் ஒரு கல்லில் உரசி, நகம் பதிகிற ஆழத்துக்குக் கீறல் விழுந்துவிட்டது. கவரோடு போனால் மணல் சேரும், கவர் இல்லாமல் போனால் காயில் தேயும். இதற்கு ஒரு வழி பண்ணாமல் விடுவதில்லை என்று உட்கார்ந்தேன். கீறலை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, இரண்டு டியூபும் கலக்கிற அரால்டைட்டை மெல்லிசாகத் தடவி, ஒரு நாள் விட்டு, நைஸ் உப்புத்தாளால் சமன் செய்தேன். அது இன்றுவரை நன்றாக இருக்கிறது.

கவர் விளிம்பை அடைப்பதுதான் முதல் யோசனை. கருப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி ஒட்டினேன். காய்ந்த மணலில் அருமையாக வேலை செய்தது. தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கவில்லை, ஓரம் பிரிந்து பசைமேல் மணல் ஒட்டி, பார்க்கவே கஷ்டமாக இருந்தது. வறண்ட ஆற்றில் மட்டும் தேடுகிறவர்களுக்கு டேப் போதும், ஒவ்வொரு முறையும் புதுசாகச் சுற்றினால்.

அப்புறம் சிலிகான். கடையில் கேட்டால் முதலில் தருவது காடி வாசனை அடிக்கிற சிலிகான், அது காயும்போது அமிலம் விடும். ஒயர் நுழையும் இடத்துக்கு அருகில் போடப் போகிறோம், செம்புக்கு அது ஆகாது, ஆகவே நியூட்ரல் சிலிகான் என்று கேட்டு வாங்கினேன். சுற்றிலும் கோடு மாதிரிப் போட்டு 24 மணி நேரம் காய வைத்தேன். நாலு தடவை ஆற்றுக்குப் போய் வந்தேன், சத்தமே இல்லை, வேலை முடிந்தது என்றே நினைத்தேன். ஐந்தாவது தடவை பழைய கத்தல் திரும்பி வந்தது. பிளேடால் சிலிகானை அறுத்துப் பார்த்தால் உள்ளே தண்ணீர். கவரின் அடியில் தேய்ந்துபோன இடத்தில் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல், அது வழியாகத் தண்ணீர் உள்ளே வந்திருக்கிறது, வந்தது வெளியே போக வழியில்லை. மணல் கம்மிதான், ஆனால் தண்ணீர் சளக் சளக் என்று ஆடியது. சிலிகானை நான் வேண்டாம் என்று முடிவு செய்தது இதனால்தான். உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க முடியாது, பார்க்க வேண்டுமென்றால் பிளேடு போட வேண்டும், பிளேடு ஒரு நாள் காயிலில் படும்.

இடுக்கு இருப்பதால்தானே மணல் தங்குகிறது, இடுக்கையே நிரப்பிவிட்டால் என்ன என்று தோன்றியது ஆம்பூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோதுதான். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில் செருப்பு, ஷூ சாமான் விற்கிற கடை. ஷூவுக்குள் போடுகிற இவிஏ ஷீட் அடுக்கி வைத்திருந்தார்கள். ஃபோம்தான், ஆனால் உள்ளே இருக்கிற ஒவ்வொரு குமிழும் தனித்தனியாக மூடியது, பஞ்சு மாதிரித் தண்ணீர் குடிக்காது. "பாய், இதுல இரண்டு மில்லிமீட்டர் இருக்குமா?" என்றேன். எதற்கு என்று கேட்டார், சொன்னேன். "தண்ணில ஊறாது தம்பி, ஆனா நீங்க பேஸ்டிங் போட்டு ஒட்டாதீங்க, அந்த பிளாஸ்டிக்க தின்னுடும்" என்றார். அவர் சொன்னது சரி. ஷூ ஒட்டுகிற பசையில் இருக்கிற டொலுவீன் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். வெட்டுத் துண்டுகளாகவே கொஞ்சம் கொடுத்தார்.

வீட்டில் அதைக் காயில் முன்னால் ஆட்டியதும் ஒரு துண்டு கத்தியது! திருப்பிப் பார்த்தால் ஓரத்தில் ஸ்டேப்ளர் பின். எது காயில் அருகே போனாலும் முதலில் ஆட்டிப் பார்த்துவிடுங்கள்.

செய்முறை இதுதான். காயிலை நியூஸ்பேப்பர் மேல் வைத்துப் பென்சிலால் வரைந்து, அதை ஷீட்டின் மேல் வைத்து வெட்டினேன். காயில் நடுவே இருக்கிற ஓட்டைகளையும் அப்படியே வெட்டி எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீருக்குள் வீசும்போது முறம் மாதிரி இழுக்கும். பசை எதுவும் இல்லை. ஷீட்டைக் கவருக்குள் பரப்பி, மேலே காயிலை வைத்து இரு கட்டை விரலாலும் அழுத்தினால், ஃபோம் கொஞ்சம் அமுங்கி விளிம்பு கவ்வும். பழைய கவரில் விரிசல் என்பதால் புதுசு ஒன்று வாங்கிவிட்டேன்.

விளிம்புக்கு சைக்கிள் டியூப். காயிலின் சுற்றளவு 62 சென்டிமீட்டர். குழந்தைகள் ஓட்டுகிற 12 இன்ச் சைக்கிளின் பழைய டியூபைப் பஞ்சர் கடையில் சும்மாவே கொடுத்தார்கள். அதில் ஒரு இன்ச் அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டி, 54 சென்டிமீட்டர் வருகிற மாதிரி இரு முனையையும் ஒன்றன் மேல் ஒன்று ஏற்றி, பஞ்சர் சொல்யூஷன் தடவி, காய்ந்ததும் அழுத்தி ஒட்டினேன். வால்வு இருக்கிற துண்டை வெட்டி எறிந்துவிட வேண்டும், அது பித்தளை. இந்த வளையத்தை இழுத்து, கவர் விளிம்பும் காயிலும் சேருகிற இடத்தின் மேல் மாட்டினால் நன்றாக இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. கழற்ற ஐந்து நொடி. அடைப்பு முழுசாகத் தண்ணீர் புகாதது என்று சொல்ல மாட்டேன், தண்ணீர் கொஞ்சம் போகும், மணல் போவதில்லை, போன தண்ணீருக்கும் ஆட இடமில்லை.

பக்கெட் தண்ணீரில் முக்கிப் பார்த்தேன். ஃபோம் மிதக்கப் பார்க்கும், என் கணக்குப்படி ஐம்பது கிராமுக்குள் மேல் நோக்கித் தள்ளும், கையில் பெரிதாகத் தெரியவில்லை. தடிமனான ஷீட் போட்டால் தெரியும், காயிலை அடியில் பிடித்து வைக்கவே கை வலிக்கும். ஆழம் குறைகிறதா என்றும் பார்த்தேன். என் மோதிரத்தைக் காற்றில் பிடித்தால் வெறும் காயில் ஏழு இன்ச் கிட்ட பிடித்தது, ஃபோமும் கவரும் மாட்டிய பிறகு கால் இன்ச்கூடக் குறையவில்லை. இந்தச் சோதனைக்கு இப்போதைய ஒரு ரூபாய்க் காசை எடுக்காதீர்கள், அது காந்தம் ஒட்டுகிற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், குழப்பும்.

வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு நாள் கழுவிய கவரை மொட்டை மாடியில் வைத்துவிட்டு மறந்து போனேன், வேலூர் வெயிலில் சாயங்காலத்துக்குள் அப்பளம் மாதிரி ஒரு பக்கம் நெளிந்துவிட்டது. அது பழைய விரிசல் கவர் என்பதால் நஷ்டம் இல்லை. இப்போது நிழலில்தான் காய வைக்கிறேன், காயிலையும் பைக் மேல் கட்டி வெயிலில் நிறுத்துவதில்லை.

இதைப் படித்துவிட்டு மெஷின் வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. நான் தேடுவது ஆட்கள் தொலைத்துவிட்டு வந்து கேட்கிற பொருளை மட்டும்தான். கோட்டைப் பக்கமோ பழைய கோயில் பக்கமோ மெஷினை எடுத்துக்கொண்டு போகவே கூடாது, வேலூர்க் கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பது, அங்கே தோண்டுவது குற்றம். ஆற்றிலேயே பழைய காசு, புதையல் மாதிரி ஏதாவது அகப்பட்டால் 1878-ம் வருஷத்துப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும், பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே அந்தச் சட்டம் வந்துவிடும். மணல் அள்ளிய பள்ளங்கள் தண்ணீருக்கு அடியில் தெரியாது, ஒரு குச்சியால் குத்திப் பார்த்துக்கொண்டே அடி எடுத்து வையுங்கள், தனியாகப் போகாதீர்கள்.

மாசியில் மயானக் கொள்ளை முடிந்த மறுநாள் ஆற்றங்கரையில் ஒரு பெண் குழந்தையின் வெள்ளிக் கொலுசு தேட அழைத்தார்கள். அன்றைக்குக் கூட்டம் மிதித்த மணல், சுண்டல் சிதறல், சில்லறைக் காசு, எல்லாவற்றுக்கும் நடுவில் மூன்று மணி நேரம், அதில் ஒரு மணி நேரம் தண்ணீருக்குள். தேவையில்லாத கத்தல் ஒன்றுகூட இல்லை. கொலுசில் திருகாணியோடு பாதிதான் கிடைத்தது, மீதியை யாராவது எடுத்திருக்கலாம். வீட்டுக்கு வந்து டியூபைக் கழற்றி, கவரைத் திறந்து, ஃபோமில் ஒட்டியிருந்ததை வழித்துக் காய வைத்துத் தராசில் வைத்தேன், 3 கிராம். டியூப் ஒட்டின இடம் ஒரு ஓரத்தில் லேசாகத் தூக்கியிருக்கிறது, அடுத்த முறை பஞ்சர் கடை அண்ணனிடமே கொடுத்துச் சூடு வைத்து ஒட்டச் சொல்லப் போகிறேன்.